மூன்றாம் இயந்திரத்துப் பிஸ்கட்

அம்பிட்டிய வீதி, கண்டி
12 செப்டெம்பர் 2008

திருமதி ரபீகா ஜவாஹிர் அவர்களுக்கு,

நேற்று வியாழக்கிழமை, வழக்கம்போல உமது கடைக்கு வந்து மூன்றாம் இயந்திரத்தின் முன் அமர்ந்தேன். இரண்டு வருடமாக அந்த இயந்திரம் என்னை அறியும். மின்னஞ்சல் பக்கத்தைத் திறந்ததும் என் பெயரைச் சொல்லி வரவேற்று, என் மகளின் கடிதங்களை முன்னால் வைக்கும். நேற்று அது என்னை யாரென்று கேட்டது. பெயரைக் கொடுத்தேன். கடவுச்சொல்லைக் கேட்டது. அப்படி ஒன்றை அது என்னிடம் ஒருநாளும் கேட்டதில்லை.

நீர் கடையில் இல்லை. உமது மதினி பாயிஸாதான் இருந்தாள். கேட்டதற்கு, "நேத்து எல்லா மெஷினையும் கிளீன் பண்ணின மிஸிஸ். குக்கி எல்லாம் போயீக்கும்" என்றாள். நான் குக்கி வாங்க வரவில்லை. தவிரவும், அதற்குப் பெயர் பிஸ்கட். குக்கி என்பது அமெரிக்கர் சொல்வது.

என் மகள் கமலாசனி கிளிநொச்சியில் ஒரு வெளிநாட்டுத் தொண்டு நிறுவனத்தில் தண்ணீர்த் திட்டத்துக்குப் பொறுப்பான பொறியியலாளர் என்பது உமக்குத் தெரியும். அங்கிருந்து தொலைபேசி இல்லை. தபால் போவதுமில்லை, வருவதுமில்லை. அவளுடைய அலுவலகத்துக் கணினியும் உமது மூன்றாம் இயந்திரமும்தான் எங்களுக்கு மிச்சமாக இருந்தன. வெளிநாட்டு நிறுவனங்களை வன்னியை விட்டு வெளியேறச் சொல்லிவிட்டார்கள் என்று இந்த வாரம் வானொலியில் சொன்னார்கள். அவள் வெளியே வருகிறாளா, உள்ளே நிற்கிறாளா என்று எனக்குத் தெரியாது. அவளுடைய கடைசிக் கடிதத்துக்கு நான் அனுப்பிய பதிலில் அவளது ஆங்கிலப் பிழைகள் சிலவற்றைச் சுட்டியிருந்தேன். அதற்குப் பதில் வந்ததா என்றும் தெரியாது.

அழித்ததைத் திரும்பவும் இருந்த இடத்தில் வையும். அதுவரை உமது கடைக்குள் நான் காலெடுத்து வைக்கமாட்டேன். பதிலை, இதைக் கொண்டுவரும் என் வீட்டு வேலைக்காரி சுந்தரியிடம் கொடுத்தனுப்பவும்.

பத்மாதேவி நவரட்ணராஜா


ஜவாஹிர் கொமினிகேஷன்
கொழும்பு வீதி, கண்டி
13.09.2008

மிஸிஸ் நவரட்ணராஜா அவர்களுக்கு,

சுந்தரி கடிதத்தைத் தந்துவிட்டு, "அம்மா ரொம்பக் கோவமா இருக்காங்க. நீங்க வாசிங்க, நான் வெளியிலேயே நிக்கிறேன்" என்று வாசலில் போய் நின்றுகொண்டாள். அடி விழும் என்று நினைத்தாளோ தெரியாது. எனக்குக் கடிதம் எழுதிப் பளக்கம் இல்லை. பிழை இருந்தால் மண்ணிக்கவும்.

உங்கள் மகளின் கடிதம் ஒன்றையும் நான் அழிக்கவில்லை. அவை எங்கள் மெஷினுக்குள் இருக்கவேயில்லை. அந்த ஈமெயில் கொம்பனி எங்கேயோ தூர தேசத்தில் வைத்திருக்கிறது. இப்போதும் அங்கே பத்திரமாக இருக்கின்றன.

நீங்கள் கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலுக்குப் போகிறீர்கள்தானே. செருப்பைக் கொடுத்தால் நம்பர் போட்ட ஒரு துண்டு தருவார்கள். திரும்பி வந்து துண்டைக் காட்டினால், நீங்கள் யார் என்று கேட்காமல் செருப்பை எடுத்துத் தருவார்கள். குக்கி என்பது அந்தத் துண்டு மாதிரி. நீங்கள் பார்க்கிற இணையத்தளம் அதை எங்கள் மெஷினில் போட்டு வைக்கும். அடுத்த முறை அதே மெஷினில் இருந்து போகும்போது துண்டைப் பார்த்து, "ஆ, இவங்கதான்" என்று உள்ளே விட்டுவிடும். நாங்கள் எறிந்தது துண்டை. செருப்பு அங்கேயேதான் இருக்கிறது.

எல்லாத் துண்டும் ஒரு மாதிரி இல்லை. சிலது திரையில் திறந்த ஜன்னலை மூடியதும் தானாகப் போய்விடும். சிலது ஆள் அழிக்கும் வரைக்கும் கிடக்கும். விளம்பரக்காரர் போடுகிறதும் உண்டு. அது நீங்கள் எந்தப் பக்கத்துக்குப் போனாலும் பின்னால் வரும். கனடாவுக்குப் பேசுகிற கார்ட் விளம்பரம் உங்களுக்கு மட்டும் ஏன் ஓயாமல் வருகிறது என்று ஒருநாள் சத்தம் போட்டீர்களே, அது அதனால்தான்.

உங்கள் பாஸ்வேர்ட் தெரிந்தால் எந்த மெஷினிலும் திறக்கலாம். எழுதி வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள்.

ஏன் அழித்தோம் என்று கேட்கிறீர்கள். அழிக்க வேண்டி வந்தது. கடிதத்தில் அவ்வளவுதான் சொல்ல முடியும். ஒரு நடை வாங்க, நேரில் சொல்கிறேன்.

ரபீகா


அம்பிட்டிய வீதி
14 செப்டெம்பர் 2008

திருமதி ஜவாஹிர் அவர்களுக்கு,

உமது கடிதத்தை இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். பழக்கம் என்பதற்குச் சிறப்பு ழகரம். மன்னிக்கவும் என்பதில் வருவது மண் அல்ல. நான் ஆசிரியையாக இருந்தவள் அல்ல. ஆனால் கண்ணில் பட்ட பிழையை அப்படியே விட்டுவிட்டுப் போக எங்களைக் கன்னியர் மடப் பள்ளிக்கூடத்தில் பழக்கவில்லை. சிவப்பு மையில் குறித்திருக்கிறேன்.

செருப்புத் துண்டு விளங்கியது. அது யாருடைய துண்டு என்பதுதான் என் கேள்வி. என்னுடையது. என்னைக் கேட்காமல் அதை எறிய உமக்கு யார் உரிமை தந்தது?

கடவுச்சொல்லை நான் எழுதி வைக்கவில்லை. கிளிநொச்சிப் பாதை மூடப்படுவதற்கு முன் கமலாசனி கடைசியாக வந்து நின்றபோது, உமது கடையில் வைத்துத்தான் எனக்கு இந்தக் கணக்கைத் திறந்து தந்தாள். பெட்டி போன்ற ஒரு சிறு சதுரத்தைக் காட்டி, "உங்கள ஞாபகத்தில வைக்கட்டோ எண்டு கேக்குதம்மா" என்றாள். ஓம், வைக்கட்டும் என்றேன். இந்த வயதில் என்னை ஞாபகத்தில் வைக்கட்டுமா என்று கேட்டது அது ஒன்றுதான். "எண்டாலும் பாஸ்வேர்டையும் மறந்து போகாதேங்கோ" என்று அவள் ஏதோ சொன்னாள். இயந்திரம் பொறுப்பேற்ற பிறகு நான் எதற்கு நினைவில் வைக்க வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

என் பெயரை மறைத்து வாழ்வது எனக்குப் பழக்கமில்லை. எண்பத்து மூன்று ஜூலைக் கலவரத்தில் பக்கத்து வீட்டு மிஸிஸ் ரத்நாயக்க எங்களிடம் ஒரு சொல் கேட்காமல், எங்கள் வாசலில் இருந்த பெயர்ப்பலகையைக் கழற்றிக்கொண்டு போய்த் தன் அலுமாரிக்குள் வைத்துவிட்டார். ஊரடங்கு எடுத்த அன்றே அதைக் கேட்டு வாங்கி, ஆணியடித்து அதே இடத்தில் மாட்டினேன். அவருடன் நெடுநாள் நான் பேசவில்லை. நீர் செய்ததும் அதே வேலைதான்.

நாளை மாலைக்குள் சரியான விளக்கம் தராவிட்டால், வாடிக்கையாளரின் சொந்த விஷயங்களில் கைவைக்கிறீர் என்று பொலிஸில் முறைப்பாடு செய்வேன். இதை நான் வெறும் வார்த்தைக்குச் சொல்லவில்லை.

ப. நவரட்ணராஜா


கொழும்பு வீதி
15.09.2008

மிஸிஸ் நவரட்ணராஜா அவர்களுக்கு,

இதை வாசித்த உடனே சுந்தரியிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அவள் வாசலில் நிற்பாள்.

பொலிஸுக்குப் போகப் போகிறீர்கள். அவர்கள் வந்து போய்விட்டார்கள். போன புதன்கிழமை. உங்களுக்குச் சரியான விளக்கம் வேண்டும் என்றபடியால் சொல்கிறேன், கேளுங்கள்.

காலையில் இதே வீதியில் வேறொரு நெட் கடைக்குள் போய், யார் யார் வந்து யாருக்கு எழுதுகிறார்கள் என்று மெஷின் மெஷினாகப் பார்த்திருக்கிறார்கள். அங்கே ஒரு வடக்குப் பொடியனின் ஈமெயில் தானாகத் திறந்துகொண்டதாம். அவனை வீட்டுக்குப் போய்க் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். இன்னும் வரவில்லை. கேள்விப்பட்டதும் நான் பாயிஸாவிடம், "எல்லாத்தையும் அழி புள்ள, ஒண்டு மிச்சம் வைக்காதே" என்றேன். குக்கி, போன பக்கங்களின் பெயர், எல்லாம். உங்களுக்கு ஆள் அனுப்பிக் கேட்டுக்கொண்டிருக்க நேரம் இருக்கவில்லை.

பகல் சோற்று நேரத்துக்கு எங்கள் கடைக்கு வந்தார்கள். பெரியவர் போல இருந்தவர் நேரே போய் உட்கார்ந்தது எந்த மெஷினில் தெரியுமா? உங்களுடைய அதே ஈமெயில் பக்கத்தைத்தான் தட்டினார். அது, நீங்கள் யார் என்று அவரையே கேட்டது.

தமிழ் ஆட்கள் வருவார்களா என்று சிங்களத்தில் கேட்டார். "எல்லாரும் வருவாங்க மாத்தயா, கடைதானே" என்றேன். எழும்பிப் போய்விட்டார்.

அதற்கு முதல்நாள் வந்திருந்தால் "வருக பத்மாதேவி" என்று அவரைத்தான் கூப்பிட்டிருக்கும். கிளிநொச்சியில் இருந்து வந்த கடிதம் எல்லாம் வரிசையாக முன்னால் கிடந்திருக்கும். உங்களை ஞாபகத்தில் வைத்த ஒரே ஆள் என்று அந்த மெஷினைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அது யார் வந்து கேட்டாலும் உங்கள் பெயரைச் சொல்லிக்கொடுக்கிற ஆள்.

என் மனுஷன் டோகாவில். கடைக்குச் சீல் வைத்தால் நானும் பாயிஸாவும் நடுத்தெருவில். அதையும் நினைத்துத்தான் அழித்தேன், பொய் சொல்லமாட்டேன்.

ஒன்று கேட்கிறேன், கோபிக்காதீர்கள். அந்த மிஸிஸ் ரத்நாயக்க பலகையைக் கழற்றின பிறகு, உங்கள் வீடு நின்றதா, எரிந்ததா?

ரபீகா


அம்பிட்டிய வீதி
18 செப்டெம்பர் 2008

ரபீகா,

உமது கடிதத்தை அன்றே சுந்தரியிடம் திருப்பித் தந்தேன். அதில் பிழை எதையும் குறிக்கவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்.

வீடு நின்றது.

இன்று காலை கடைக்கு வந்தேன். நீர் கலகெதரவுக்கு உமது உம்மாவைப் பார்க்கப் போயிருப்பதாகப் பாயிஸா சொன்னாள். அதுவும் ஒரு வகையில் நல்லதுதான்.

மூன்றாம் இயந்திரம் இப்போது புதுப் பழக்கம் ஒன்று பழகியிருக்கிறது. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும், இந்தத் தளம் ஒரு குக்கி வைக்க விரும்புகிறது, அனுமதிக்கலாமா என்று கேட்கிறது. நீர்தான் அப்படிச் செய்து வைத்ததாகப் பாயிஸா சொன்னாள். கேட்டதற்கெல்லாம் முதலில் ஓம் என்று கொடுத்தேன். யாராவது கேட்டால் பதில் சொல்லாமல் இருக்க எனக்கு வராது. அவள் எட்டிப் பார்த்துவிட்டு, "ஐயோ மிஸிஸ், வாறவன் போறவனுக்கெல்லாம் ஓம் செல்லாதீங்க!" என்றாள். சரியென்று எல்லாவற்றுக்கும் வேண்டாம் என்று கொடுத்தேன். மின்னஞ்சல் பக்கம் என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டது. அதற்கு மட்டும் ஒரு துண்டு கட்டாயம் வேண்டுமாம். அதைக் கொடுத்து, மற்றவர்களைத் தள்ளி வைத்தோம். கனடா அட்டைக்காரனைத் தள்ளியதில் எனக்குத் திருப்தி.

கடவுச்சொல்லை மறந்தவர்களுக்கென்று ஒரு வழி இருக்கிறது. நீர் சொன்ன கோயிலில் துண்டைத் தொலைத்தவரிடம், உங்கள் செருப்பு எப்படி இருக்கும் என்று கேட்பார்கள் அல்லவா, அது போல. என் பிறந்த திகதியைக் கேட்டது. பிறகு, கணக்கைத் திறந்த அன்று கமலாசனி எழுதி வைத்த ஒரு கேள்வியைக் காட்டியது. ஆங்கிலத்தில் இருந்தது. "எங்கள் வீட்டில் குக்கிக்கு என்ன பெயர்?"

கடைக்குள் வைத்துச் சிரித்துவிட்டேன். பாயிஸா பயந்து போனாள். அன்று திரையில் குக்கி என்ற சொல்லைக் கண்டு, அது பிஸ்கட் என்று நான் திருத்தியதும், "அம்மா, கொம்பியூட்டரையுமோ திருத்துறீங்கள்?" என்று கேட்டுக்கொண்டே கமலாசனி எதையோ தட்டினாள். அது இதுதான்.

பிஸ்கட் என்று ஆங்கிலத்தில் எழுதினேன். பிழை என்றது. முதலெழுத்தைப் பெரிதாக்கினேன். பிழை. பன்மையில் எழுதினேன். அதற்குப் பிறகு, இன்று போதும், பிறகு வாருங்கள் என்று கதவைச் சாத்திவிட்டது. நான் எழுத்துப் பிழை விடுகிறவள் அல்ல, ரபீகா. இயந்திரத்துக்குப் பைத்தியம்.

வெளிநாட்டவர்கள் எல்லோரும் ஓமந்தைச் சோதனைச் சாவடிக்கு இப்பால் வந்துவிட்டார்கள் என்று வானொலி சொல்கிறது. உள்ளூர் வேலையாட்களைப் பற்றி ஒரு சொல் இல்லை. வாசலில் ஆட்டோ நின்றால் எழும்பிப் போய்ப் பார்க்கிறேன். சுந்தரிக்கு அலுத்துவிட்டது. "அம்மா, கொஞ்ச நேரம் ஒக்காருங்க. நீங்க நடந்து நடந்து எனக்குக் கால் வலிக்குது" என்கிறாள்.

பத்மாதேவி


கொழும்பு வீதி
20.09.2008

மிஸிஸ் நவரட்ணராஜா அவர்களுக்கு,

நேற்றுத்தான் கலகெதரவில் இருந்து வந்தேன். பாயிஸா எல்லாம் சொன்னாள். இவ்வளவு நாளும் நீங்கள் சிரிப்பீர்கள் என்று அவளுக்குத் தெரியாதாம்.

பூட்டினது ஒருநாள் இரண்டு நாளில் தானாகத் திறக்கும். அதற்குள் கண்டதையும் தட்டாதீர்கள். ஒவ்வொரு பிழைக்கும் அது இன்னும் கொஞ்சம் சந்தேகப்படும். மெஷினுக்குப் பைத்தியம் இல்லை. உங்கள் மகள் தட்டினதை அப்படியே எழுத்து எழுத்தாகத் தட்டினால்தான் திறக்கும். சரியோ பிழையோ என்று அதற்குத் தெரியாது.

மூன்றாம் மெஷினில் இப்போது ஜன்னலை மூடினால் குக்கி எல்லாம் போகிற மாதிரிச் செய்திருக்கிறேன். அதைவிட, கடை சாத்த முதல் நானே ஒருமுறை அழிப்பேன். இனி வேலை முடிந்ததும் நீங்களும் வெளியேறு என்பதை அமத்திவிட்டுத்தான் எழும்ப வேண்டும். அந்தச் சதுரத்தில் கோடு போடக் கூடாது. இது உங்களுக்கு மட்டும் இல்லை, எல்லாருக்கும் சொல்கிறேன். ஒரு ஐயா, "என்ட வீட்டு மெஷின்ல போட்டீக்கிறனே?" என்று சண்டைக்கு வந்தார். வீட்டில் போடுங்க ஐயா, அது உங்கட வீடு, இது சந்தி என்றேன்.

சிவப்பு மை போட்ட என் கடிதத்தை உம்மாவுக்குக் காட்டினேன். உம்மா விழுந்து விழுந்து சிரித்தார். பள்ளிக்கூடத்திலும் இந்த ரெண்டு சொல்லுக்குத்தான் அடி வாங்கினேன். சரியானது எது என்று எனக்குத் தெரியும், மிஸிஸ். ஆனால் பேனையைப் பிடித்தால் என் கைக்கு அதுதான் வருகிறது. நான் என்ன செய்ய. மண்ணிக்கவும்.

திங்கட்கிழமை வாருங்கள். நான் இருப்பேன். உங்கள் மகளுக்காகத் துஆ கேட்கிறோம்.

ரபீகா


அம்பிட்டிய வீதி
23 செப்டெம்பர் 2008

ரபீகா,

நேற்று உமது கடையில் நான் ஒன்றும் பேசாமல் எழும்பி வந்துவிட்டேன். தேநீரையும் குடிக்கவில்லை. அங்கே பேசியிருந்தால் என் குரல் எப்படிப் போயிருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஆகவே எழுதுகிறேன்.

என் கைக்கு அதுதான் வருகிறது என்று எழுதியிருந்தீர். அந்த வரியை வாசித்துவிட்டு நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். கமலாசனி ஏழு வயதில் இதே சொல்லைச் சொல்லுவாள். மாலையில் நான் அவளுக்கு ஆங்கிலச் சொல்லெழுத்துக் கொடுப்பேன். பிஸ்கட் என்ற சொல்லில் உச்சரிக்காத ஒரு யு இருக்கிறது. அவள் அதை விட்டுவிடுவாள். சி வரவேண்டிய இடத்தில் கே போடுவாள். இருபது முறை எழுத வைப்பேன். பத்தொன்பதைச் சரியாக எழுதி, கடைசியில் திரும்பவும் கே போடுவாள். "என்ர கை அப்பிடித்தானம்மா எழுதும்" என்பாள். அவளுடைய அப்பா பத்திரிகைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரிப்பார்.

நேற்று நீர் என் பின்னால் நின்றீர். என் விரல் அந்த எழுத்துக்குப் போக மறுத்ததைப் பார்த்திருப்பீர். தெரிந்துகொண்டே ஒரு சொல்லைப் பிழையாக எழுதியது என் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. உடனே திறந்தது.

புதிய கடிதம் ஒன்று இருந்தது. திகதி 15 செப்டெம்பர். நான் உம்மைப் பொலிஸில் கொடுக்கப் போகிறேன் என்று கொதித்துக்கொண்டிருந்த அதே நாள்களில் அவள் அதை எழுதியிருக்கிறாள். நான் எழுந்தபிறகு ஜன்னலை மூடியது நீர்தான். நீர் அதை வாசித்திருக்கமாட்டீர் என்று எனக்குத் தெரியும். ஆகவே சொல்கிறேன்.

வெள்ளைக்காரர்கள் மறுநாள் காலை புறப்படுகிறார்களாம். உள்ளூர் வேலையாட்களுக்கு வெளியேறப் பாஸ் இல்லை. இணையத்துக்காகக் கூரையில் வைத்திருந்த தட்டைக் கழற்ற ஆட்கள் ஏணி கொண்டு வந்துவிட்டார்கள், ஆகவே சுருக்கமாக எழுதுகிறேன் என்கிறாள். சனத்தோடு சேர்ந்து தானும் கிழக்குப் பக்கமாக நகரப் போகிறாள். போகிற இடத்திலும் சனத்துக்குத் தண்ணீர் வேண்டும்தானே என்று எழுதியிருக்கிறாள். அலுவலகக் களஞ்சியத்தில் மிஞ்சியிருந்ததைப் பிரித்தபோது தன் பங்குக்கு இரண்டு பெட்டி பிஸ்கட் வந்ததாம். அந்தச் சொல்லில் கே இருந்தது. அதற்குப் பக்கத்தில், "அம்மா, இதைத் திருத்த வேண்டாம். இது வேண்டுமென்றே விட்டது. எப்போதும் வேண்டுமென்றேதான்" என்று எழுதியிருந்தாள்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. அவள் திரும்பவும் ஒரு கணினியைக் காண்பாளா என்று எனக்குத் தெரியாது. உமக்கும் தெரியாது. ஆகவே சமாதானம் சொல்ல வேண்டாம். சுந்தரி சொல்லிக்கொண்டே இருக்கிறாள், எனக்கு அது போதும்.

பதில் எழுதினேன். நீண்ட நேரம் இருந்தேனே, ஒரு நீளமான கடிதம் எழுதுகிறேன் என்று நினைத்திருப்பீர். ஒரு வரிதான். "கடிதம் கிடைத்தது. பிழை ஒன்றும் இல்லை."

இனி நான் தினமும் காலையில் வருவேன். மின்னஞ்சல் பக்கத்தின் துண்டுக்கு மட்டும் ஓம் சொல்லுவேன். நேற்றுப் புதிதாகப் போட்ட கடவுச்சொல்லை நானே என் தலைக்குள் வைத்திருக்கிறேன். அந்தச் சதுரத்தைத் தொடமாட்டேன். பார்த்து முடிந்ததும் வெளியேறிவிட்டுத்தான் எழும்புவேன். நான் போனபிறகும் மூன்றாம் இயந்திரத்தை நன்றாகத் துடைத்து வையும். யார் வந்து உட்கார்ந்து கேட்டாலும், பத்மாதேவி நவரட்ணராஜா என்று ஒருத்தி இருப்பதே அதற்குத் தெரியக்கூடாது.

மிஸிஸ் ரத்நாயக்க இப்போது தெல்தெனியவில் மகனுடன் இருக்கிறாராம். விலாசத்தை விசாரித்திருக்கிறேன்.

உமக்கு நான் எழுதிய முதல் இரண்டு கடிதங்களுக்காக ஒரு சொல் எழுத வேண்டியிருக்கிறது. சரியான எழுத்தில் எழுதிப் பார்த்தேன். அது எனக்கே யாரோ எழுதியது போல இருந்தது. ஆகவே உமது கைக்கு வருகிறபடியே எழுதுகிறேன். சிவப்பு மை தேவையில்லை.

மண்ணிக்கவும்.

பத்மாதேவி